மேக்ஃபைலுக்கு வெட்டிய கேக்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கேக் வெட்டப்பட்டது. யாருக்கும் பிறந்தநாள் இல்லை. க்ரீமில் ‘பை பை மேக்ஃபைல்’ என்று எழுதியிருந்தது. கத்தியை என் கையில் கொடுத்தார்கள். அந்த மேக்ஃபைலை எழுதியவன் நான் என்பது, கைதட்டிய அனைவருக்கும் தெரியும்.

வெட்டினேன். வேறென்ன செய்வது?

தார்நாகாவில் ஆய்வுக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு ஆலோசகனாகப் போய்வருகிறவன் நான் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். எங்கள் மென்பொருள் பல நூறு கோப்புகளால் ஆனது. எதைத் திருத்தினால் எதையெல்லாம் மறுபடி கம்பைல் செய்ய, அதாவது கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்ற, வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் — இதைக் கணினிக்குச் சொல்வதுதான் மேக்ஃபைல். தேவையற்ற வேலையைச் செய்யாது. அதுவே அதன் பெருமை... என் பெருமையும்.

ஆனால் எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம். ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும், முதலில் ‘மேக் க்ளீன்’ என்று தட்டுவார்கள். செய்து வைத்த அத்தனையும் அழியும். எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து கம்பைல் செய்யும் ‘பில்ட்’ தொடங்கும். ஒரு சட்டை அழுக்கானதற்கு பீரோவையே காலி செய்து துவைப்பதைப் போல! எப்போதோ ஒருவர் பழைய கோப்பொன்றைக் கையால் நகலெடுத்துப் போட, அது வாடிக்கையாளர்வரை போய்விட்டதாம். அன்று பிடித்த மடி, ஆசாரம்.

ஷாலினியிடம் கேட்டேன். இதே ஊரில், லோத்குண்டாவில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்; எங்கள் குழுவில் இன்ஜினீயர்.

“ஒரு வரிக்காகவா அம்மா இத்தனையும் அழிக்கிறாய்?”

“ரிஸ்க் நக்கோ சார், வேணாம். எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க. பில்ட் ஓடி முடிக்கிறதுக்குள்ள ஒரு டீயும் குடிச்சிடலாம்.”

மென்பொருளின் ஒரு ரிலீஸ் தாமதமானது. மேனேஜர் ரவீந்தர், சென்னையில் படித்ததால் தமிழ் பேசும் தெலுங்கர், எல்லோர் முன்பும் சொன்னார்: “சார் எழுதின ஃபைல்தான் ப்ராப்ளம்.” அந்தக் கோப்பின் முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. மாற்றுக் கருவியைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைத்தார்கள். மரியாதைக்காக என்னையும் சேர்த்தார்கள்.

பார்த்த கருவிகளில் ஒன்று பிடித்துப்போனது. அதற்கான கோப்பை ஷாலினி எழுதினாள். பழையதையும் புதியதையும் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. ஒரு வரியைத் திருத்தினார்கள். பழையதை ஓட்டும்போது ஷாலினியின் விரல்கள் பழக்கத்தில் ‘மேக் க்ளீன்’ தட்டின. திரையில் வரிகள் ஓடின... ஓடின. டீ வந்தது, குடித்தோம், இன்னும் ஓடின. அடுத்து, புதியது. அதில் எப்படி அழிப்பது என்று இன்னும் யாரும் கற்றிருக்கவில்லை. அதனால் அழிக்கவில்லை. கண்ணிமைப்பதற்குள் முடிந்தது.

“சூசாரா சார், பாத்தீங்களா? சூப்பர் ஃபாஸ்ட்!” என்றார் ரவீந்தர்.

“பழையதையும் அழிக்காமல் ஒருமுறை ஓட்டுங்கள்” என்றேன்.

அவர் சிரித்தார். “சாருக்கு அது சொந்தப் பிள்ளை மாதிரி. ஃபீலிங்ஸ் இருக்கும்ல?”

அறை சிரித்தது. ஒருவனுடைய வாதத்தை முறியடிக்க இன்னொரு வாதம் எதற்கு? அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் போதுமே! அதன்பின் நான் எது பேசினாலும், என் கோப்புக்காகக் கெஞ்சுவதாகத்தான் படும். புதிய கருவிக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்டேன். மறுநாள்தான் கேக்.

இந்தத் திங்கட்கிழமை ஷாலினியின் மேஜையைக் கடந்து போனேன். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கையில் டீ.

“என்னம்மா இது?”

“புதுசுலயும் க்ளீன் இருக்கு சார்! போன வாரம்தான் கண்டுபிடிச்சோம். இப்போ எல்லாரும் அதைப் போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கிறோம்.”

“அழிக்காமல் ஓட்டிப் பார்த்தாயா?”

“ஏன் சார் வம்பு?”

நேற்று ரவீந்தர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். பில்ட் மறுபடி மெதுவாகிவிட்டதாம். இன்னும் நவீனமான கருவி ஒன்று வேண்டுமாம்; புதுக் குழுவுக்கு நான்தான் தலைவராம். காரணம் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ஷாலினி எழுதின ஃபைல்தான் சார் ப்ராப்ளம்.”

இம்முறை கத்தியை யார் கையில் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். டீ குடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்குத்தான் இன்னும் தெரியாது.