லாலியின் தொண்டையில் சிக்கிய சாக்கு

ஒட்டகத்துக்காக ஜெபம் செய்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மீதியையும் கேளுங்கள், அன்பானவர்களே.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறேன். எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் அழுகைச் சத்தம். அங்கே கூடாரம் போட்டிருந்தது ஒரு ராஜஸ்தான் குடும்பம். கேசர் அக்கா, அவர் கணவர் மோத்தி அண்ணன், கைக்குழந்தை. கூடவே லாலி என்கிற ஒட்டகமும் அவள் குட்டியும். திருவிழா நடக்கிற ஊர்களில் பிள்ளைகளை லாலி மேல் ஏற்றிச் சுற்றுவதுதான் அவர்கள் பிழைப்பு. குழந்தை குடிப்பதும் அவள் பால்தான். சொந்த ஊரில் மேய்ச்சல் நிலம் போய், மந்தையும் போய், மிஞ்சியவள் இவள் ஒருத்தி.

கூடாரத்துக்கு மேல் விரிக்க சாயப்பட்டறையில் காலி உப்புச் சாக்கு வாங்கியிருந்தார் மோத்தி அண்ணன். ஒட்டகத்துக்கு உப்பென்றால் உயிர். லாலி ஒரு சாக்கை இழுத்து விழுங்க, அது தொண்டையில் அடைத்துக்கொண்டது. வாயில் நுரை. கழுத்தைத் தரையில் போட்டுவிட்டாள். விவரம் தெரியாத குட்டி மடியை முட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கால்நடை டாக்டரை பைக்கில் கூட்டி வந்தேன்.

"ஏனுங்க தம்பி, மாடுன்னுதான சொன்னீங்க?"

"மாடு மாதிரிதான் சார். கொஞ்சம் ஹைட்டு."

"கடிச்சுதுன்னா என்ற கை போயிருமுங்க."

கேசர் அக்கா லாலியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இவ போனா எல்லாம் போச்சு பையா" என்றார்.

புழுதியில் முட்டி போட்டேன். "ஏசப்பா, இவங்களுக்கு இவதான் எல்லாம். விட்ராதீங்க." வாய் மூடாத என் ஜெபம் அவ்வளவுதான். பக்கத்தில் மோத்தி அண்ணன் தன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கண் திறந்தால், டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருக்கிறார்.

"தேங்கா எண்ணெய் இருக்குதுங்களா?"

ஓடிப் போய்க் கொண்டுவந்தேன். முழங்கை வரை பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டார். அக்கா லாலியின் தாடையைப் பிடித்தபடி அவள் காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். லாலி கடிக்கவில்லை. சாக்கு முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்த நொடி எல்லார் மேலும் துப்பினாள். என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை காலி.

"ஞானஸ்நானம் ஆச்சுங்களா தம்பி?" என்றார் டாக்டர்.

சிரித்தபடியே அழுதேன். சாயங்காலம் அவள் அசைபோட ஆரம்பித்தாள். குட்டி குடித்து முடித்ததும் அக்கா கறந்த பாலில் முதல் டம்ளர் எனக்கு. நேற்று தாராபுரம் பக்கத் திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

முன்பெல்லாம் என் ஜெபத்தில் என் வேலை, என் பைக், என் விசா மட்டும்தான். இப்போது அடுத்தவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். நன்றி ஆண்டவரே. உங்கள் பக்கத்து வீட்டில் யார் எதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதற்காக வெட்கப்படாமல் முட்டி போடுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.