சோதனைக்கு முந்தின வாரம்

வருஷத்தில் ஒரே ஒரு வாரம் என் வீட்டுக்காரர் நல்ல மனுஷனாக இருப்பார். பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை நடக்கிறதே, அதற்கு முந்தின வாரம். சிகரெட்டைத் தொடமாட்டார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லுவார். மறந்தே போயிருந்த பிரஷர் மாத்திரையைத் தேடி எடுத்து வேளை தவறாமல் விழுங்குவார். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினால் தெருவே வேடிக்கை பார்க்கும். டிப்போவில் அவருக்குத் தொப்பை என்றுதான் பட்டப்பெயர். ஒரு வாரத்தில் அது எங்கே கரையும்?

இவர் மட்டும் இப்படி என்றில்லை. அங்கே வயதான டிரைவர்கள் எல்லாருக்கும் இதுதான் பழக்கம். ஆபீஸில் ஒருத்தர் தேதியை முன்கூட்டியே காதில் போட்டுவிடுவார். உடனே அத்தனை பேரும் யோக்கியர்களாகிவிடுவார்கள். வண்டி ஓட்டலாம் என்று முத்திரை விழுந்ததுமே டிப்போ வாசலில் ஆளுக்கொரு சிகரெட். அந்த முத்திரையைப் பார்த்துச் சாவும் ஒரு வருஷம் தள்ளி நிற்கும் என்று நினைப்பு.

சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. இவருடைய அண்ணன் ஐம்பத்து மூன்று வயதில், குளிக்கப் போன இடத்திலேயே சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். இவருக்கு இப்போது ஐம்பத்தொன்று. அண்ணன் பேச்சை எடுத்தால் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார். பழைய மெக்கானிக் ஒருவர் எண்பதைத் தாண்டியும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருக்கிறாராம், அவர் என்ன செத்தா போய்விட்டார் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழைத்தவர் பெஞ்சில் இருக்கிறார் சரி, செத்தவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாட்சி சொல்வார்களா?

எங்கள் வீடு மாடியில். ஒரு நாள் மாலை படியேறி வரும்போது பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது, சட்டை நனைந்திருந்தது. கேட்டதற்கு வாயு என்றார். மறுநாள் காலையில் அதே உடம்போடு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். நான் நேரே டிப்போ டாக்டரைப் பார்க்கப் போனேன்.

அந்த அம்மா என்னைவிடக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். யாருக்கு எப்போது மாரடைப்பு வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் பிரஷர், புகை, சர்க்கரை, வயிறு என்று ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டால் ஆபத்து ஏறிக்கொண்டே போகுமாம். இந்த வயது ஆண்கள் வலித்தாலும் வாய் திறக்கமாட்டார்கள், கடைசியில் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்றும் சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். தேதி சொல்லிவிட்டுச் சோதிக்காதீர்கள், ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கியதும் பிடித்து உட்கார வைத்துப் பாருங்கள்.

"ஸ்டியரிங்க விட்டு இறக்கிடுவாங்கம்மா, பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"ஆளே போறதுக்கு வேலை போகட்டும்."

அப்படியே நடந்தது. ஒருத்தரை மட்டும் பிடித்தால் நன்றாக இருக்காது என்று டாக்டர் அன்று இறங்கிய எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்திருக்கிறார். மூன்று பேரிடமிருந்து வண்டி பறிபோனது. இவரை டிப்போவிலேயே போன் எடுக்கும் வேலையில் போட்டார்கள். நான் டாக்டரைப் பார்த்த செய்தி எப்படியோ டீக்கடைக்குப் போய், அங்கிருந்து இவர் காதுக்கும் வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரியின் புருஷனும் அந்த மூன்று பேரில் ஒருத்தர். என்னைக் கண்டாலே அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உனக்கு நான் என்னடி துரோகம் பண்ணேன்?" என்றார் இவர், அன்று வீட்டுக்கு வந்ததும். அவ்வளவுதான், பிறகு பேச்சே இல்லை. தட்டில் போட்டதைத் தின்பார், எழுந்து போவார். மாத்திரை தின்கிறாரா, ஜன்னல் வழியாக எறிகிறாரா என்று பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. செய்தது சரிதானா என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. ஓட்டிக்கொண்டே போயிருந்தால் சந்தோஷமாகவாவது போயிருப்பாரே என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாள், மத்தியானம். துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்று மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது.

"எதுக்கு, மறுபடியும் செக்கப்பா?"

"இல்ல."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டுற வரைக்கும் ஒண்ணும் தெரியல. இப்ப சும்மா உக்காந்திருந்தா நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்குது. பயமா இருக்குடி."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் வாயில் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"எனக்கு ரொம்ப நாளாவே பயமாத்தான் இருக்கு" என்றேன்.

மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தேன். விழுங்கிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

"துணி அப்புறம் மடிக்கலாம். கொஞ்ச நேரம் இங்கயே உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.