மூன்றாம் வாரத்தைப் பற்றி நான் சொல்லாதது

அப்பாவுக்கு வலது கன்னத்தின் உட்புறம் புற்று. புகையிலை அடக்கி அடக்கி வந்தது என்றார் கொழும்பு ஆஸ்பத்திரி டாக்டர். அவர் பேசியது இங்கிலீஷ். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் அப்போதுதான் வாத்தியாராகியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். அதனால் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கன்னத்தில் கதிரைப் பாய்ச்சுவார்கள். மொத்தமாகப் பாய்ச்சினால் நல்ல சதையும் வெந்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வாரம். மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண்ணாகும், கஞ்சிகூட இறங்காது. பயப்பட வேண்டாம், பிறகு ஆறிவிடும். நடுவில் மட்டும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் புற்று திரும்ப வளரும்.

"என்ன தம்பி சொல்றாரு?" என்றார் அப்பா.

"கரண்டு வைப்பாங்கப்பா. ஆறு வாரம். வலியே இருக்காதாம்."

புண்ணைச் சொன்னால் அன்றைக்கே ரயிலேறிவிடுவார் என்று பயந்தேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று படித்த எனக்குத் தெரியும் என்ற நினைப்பும் இருந்தது.

அப்பாவை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் இரண்டு ஞாயிறும் போய்ப் பார்த்தேன். கதிர் விழ வேண்டிய இடத்தில் ஊதா மையால் கட்டம் போட்டிருந்தார்கள். "தெனமும் ஒரே எடத்தப் படம் புடிக்கிறாங்க. ஒண்ணையாச்சும் கையில தரக்கூடாதா?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

மூன்றாம் ஞாயிறு, இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று பள்ளிக்கூட வேலையில் இருந்துவிட்டேன். புதன்கிழமை வீடு திரும்பினால், தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா. கொழும்பிலிருந்து ஹட்டன் வரை தனியாகவே ரயிலில் வந்திருக்கிறார். வாய்க்குள் வெந்து வெளுத்திருந்தது.

"சுட்டுப்புட்டாங்க" என்றார், குழறலாக.

"இது வரும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாருப்பா. ஆறிடும். திரும்பப் போயிருவோம்."

"அன்னைக்கே சொன்னாரா?" என்றார். "தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுனா கையில கத்தி படும். தெரிஞ்சுதான இத்தன வருசமா மலைக்குப் போறேன். சொல்லியிருந்தா இருந்திருக்க மாட்டேனா?"

"இப்பவாவது வாங்கப்பா."

"ஆறிடும்ங்கிற. அத மட்டும் எப்படி நம்புறது?"

நான் கெஞ்சியும் அசையவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, புண் ஆறியது. ஆறிய பிறகுதான் வர ஒத்துக்கொண்டார். அதற்குள் கன்னத்துக்கு வெளியே கட்டி தெரிந்தது. ஆறு வாரமும் முடித்திருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. நான் சொல்லியிருந்தால் பாதியில் ஓடி வந்திருக்க மாட்டார் என்பது தெரியும்.

டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்து தொடங்க அந்தச் சதை தாங்காது, இனி வலிக்குத்தான் மருந்து என்றார்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணையும் விடாம சொல்லு."

சொன்னேன். கேட்டுக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு, ஹட்டனுக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். என்னிடம் அல்ல, வாசலில் நின்ற ஆளிடம், தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.