தேக்குக் குருவிக்கு வைத்த பொட்டு

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்து ஜெர்மனிக்குத் துண்டு ஏற்றுமதி செய்தார். வருடத்துக்கு ஒருமுறை ஆர்டர் பிடிக்கப் போவார். மற்றவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கி வருவார்கள். மாமா அங்கே பழஞ்சாமான் சந்தைக்குள் புகுந்து, ஐம்பது வருடப் பழைய கண்ணாடிக் குடுவைகளையும் மரப் பொம்மைகளையும் தன் பட்டறைத் துண்டிலேயே சுற்றிக் கொண்டுவருவார். அதில் ஒன்று டென்மார்க்கில் கடைந்த தேக்குக் குருவி. “தேக்கு வாங்க அத்தன தூரம் போன ஆளு எங்கண்ணன் ஒருத்தருதான்” என்பாள் அம்மா.

அவற்றுக்கென்றே கூடத்தில் ஓர் அலமாரி. அதற்குப் பூட்டுக் கிடையாது. எடுத்து உடைக்க அந்த வீட்டில் குழந்தை இல்லை. தூசி தட்டுவதுகூட மாமாதான். அத்தையும் தொட மாட்டாள்.

ஏழு வயதில் ஆயுத பூசைக்கு அங்கே போயிருந்தேன். பொட்டு வைக்கும் வேலையை அத்தை எனக்குக் கொடுத்தாள். முதலில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். தறி, கார், தராசு, மிக்சி, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் அலமாரி கண்ணில் பட்டது. மாமா இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பதற்குப் பொட்டு இல்லாமலா? குடுவைகளுக்கெல்லாம் வைத்தேன். குருவிக்கு மார்பில், நன்றாக அழுத்தி.

அத்தை பார்த்துப் பதறி ஈரத்துணியோடு ஓடிவந்தாள். கண்ணாடியில் வைத்தது துடைத்ததும் போய்விட்டது. குருவியில் சந்தனம் மட்டும் வந்தது. குங்குமத்தை மரம் குடித்துவிட்டது. அதற்குள் பட்டறையிலிருந்து மாமாவும் வந்துவிட்டார். அந்த வீடு எனக்கு உயிர். இனிமேல் கூப்பிடவே மாட்டார்கள் என்று அழுகை முட்டியது.

“ஏனுங்க, நாந்தானுங்க வெச்சுப்போட்டேன்” என்றாள் அத்தை, நான் வாயைத் திறப்பதற்குள்.

மாமா குருவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உன்ற வெரலு எப்ப இத்துனூண்டு ஆச்சு?”

அத்தை ஈரத்துணியோடு சமையலறைக்குள் போய்விட்டாள். மாமா என்னைத் திட்டவில்லை. “போய்ப் பொரி சாப்புடு சாமி” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பொங்கலுக்குப் போனபோது, பின்வரிசையில் இருந்த குருவி முன்னால் வந்திருந்தது, சிவப்புப் பொட்டு நன்றாகத் தெரியும்படி. வருகிறவர்களிடமெல்லாம் மாமா முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டினார். என் மானத்தை வாங்கத்தான் இப்படிச் செய்கிறார் என்று நினைத்து, இருந்த இரண்டு நாளும் அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து சாப்பிட்டேன்.