இரண்டு கோர், நாலு திரி

என் மாமா தன் வாழ்நாளில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியதில்லை. ஆனால் உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கம்பெனி புதுப் பிராசஸர் இறக்கினாலும் அதைப் பற்றி அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். சிவகாசியை ஒட்டி, நாரணாபுரம் ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில் ரேஷன் அரிசிச் சோற்றைப் பிசைந்தபடி அவர் அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் புத்தி சொல்வார். அந்தக் கம்பெனிகள் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டவர்கள் என் அம்மாவும் நானும்தான்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவர். எங்கள் ஊரில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வெடிக்குள் அடைப்பதும் மருந்து. அப்பா இந்த இரண்டாவது மருந்தைக் கலக்கும் அறையில் வேலை பார்த்தார், அது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அந்த அறையோடு சேர்ந்து போய்விட்டார். அதற்குப் பிறகும் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போனாள், வேறு எங்கே போவாள்? மருந்து வாடை எட்டாத, காகிதக் குழாய் உருட்டுகிற கொட்டகையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தம்பியை மட்டும் கம்பெனி வேன் ஏற விடவில்லை. காலேஜில் சேர்த்துக் கம்ப்யூட்டர் படிக்கவைத்தாள்.

“எங் குடும்பத்துல இனி ஒருத்தன் மருந்து ரூமுக்குள்ள காலு வச்சான்னா, என்னைய உசுரோட பாக்க முடியாது” என்று அவள் சொன்னதைத் தெருவே கேட்டதாம். எதையும் சும்மா சொல்கிற ஆள் இல்லை அவள். ஆகவே மாமாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு மாற்று யோசனை என்று ஒன்று கிடையாது.

படிப்பு முடிந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. சேர வேண்டிய தேதியைப் பிறகு சொல்வோம் என்றார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் தூக்கி எறிந்ததையெல்லாம் பொறுக்கிவந்து வீட்டிலேயே ஒன்றை உருவாக்கினார். மூடி இல்லாத அந்தப் பெட்டி, கம்பி மத்தாப்பு வந்த அட்டைப்பெட்டியின் மேல் குடலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மானிட்டரில் தெரிவதெல்லாம் பச்சையாகத் தெரியும். அதில் லினக்ஸ் ஓடியது, கரண்ட் இருந்தபோது.

“லினக்ஸுதான் பாப்பா நம்மள மாதிரி ஆளுகளுக்கு. காசு கேக்காது, பழைய மிசினுன்னு மூஞ்சியச் சுளிக்காது” என்பார். அப்போது புதிதாக வந்திருந்த விண்டோஸ் விஸ்டாவை வெத்துவேட்டு என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பட்டாசு ஊரில் அதைவிடக் கேவலமான வசவு இல்லை. வேகத்தைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்துப் பிராசஸர் வாங்குகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம்கூட வராது, பரிதாபம்தான் வரும். பெரிய லேபிளைப் பார்த்துச் சின்ன வெடி வாங்குகிற பட்டிக்காட்டுக் கூட்டம் என்பார். நாங்களும் பட்டிக்காடுதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இருக்காது.

ஒரே சில்லுக்குள் இரண்டு மூளை வைத்த மாதிரி இரட்டைக் கோர் பிராசஸர் பரவத் தொடங்கிய காலம் அது. அதைப் பற்றி அவர் பேசிய பேச்சில், த்ரெட் த்ரெட் என்கிறாயே, அது என்னலே என்று ஒரு நாள் அம்மா கேட்டுவிட்டாள். த்ரெட் என்றால் நூல் என்று எல்லோரும் சொல்வார்கள். மாமா அப்படிச் சொல்லவில்லை.

“திரிதாங்க்கா. வெடிக்கு வைக்கிற திரி. ஒரு கோருக்கு ரெண்டு திரின்னு வையி, ரெண்டு கோருக்கு நாலு திரி. ஒரே நேரத்துல நாலு வேலையும் பத்திக்கிரும்.”

அம்மா சாப்பிடுவதை நிறுத்தி யோசித்தாள். “நாலும் ஒண்ணா பத்துனா சூடு தாங்குமாலே?”

மாமா துள்ளிக் குதித்தார். “அதாங்க்கா பிரச்சனையே! அமெரிக்காக்காரனே இதுக்குத்தான் மண்டையப் போட்டுப் பிச்சிக்கிட்டு இருக்கான். நீ இங்கன உக்காந்து சோறு திங்கையில கேட்டுட்டயே.”

பிறகு அந்தச் சூட்டை எப்படி இறக்குவது என்று விளக்கினார். பிராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் உலோகக் கட்டிக்கும் நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு பேஸ்ட் தடவுவார்களாம். அது சூட்டை வாங்கி மேலே கடத்திவிடுமாம், மேலே இருக்கிற காத்தாடி அதை ஊதித் தள்ளிவிடுமாம். நான் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்துகொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் மாமா கம்ப்யூட்டருக்குத் திரி வைக்கிறார் என்று பீற்றிக்கொண்டேன். டீச்சர், அது எந்தப் பட்டாசுக் கம்பெனி என்று கேட்டார்.

அந்த நாட்களில்தான் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த செய்தி பேப்பரில் வர ஆரம்பித்தது. அதைத் தொடர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆட்குறைப்பு. மாமா டீக்கடையில் பேப்பரைப் படித்துவிட்டு வந்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எங்களுக்குச் சொல்வார். இன்றைக்கு இந்தக் கம்பெனியில் இத்தனை ஆயிரம், அந்தக் கம்பெனியில் இத்தனை ஆயிரம். எல்லாம் பெரிய சம்பளக்காரர்களைத்தான் அனுப்புவார்கள், புதுசாக வருகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது அவருடைய அபிப்பிராயம். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்ன இன்னொரு அபிப்பிராயம் எனக்கு ஞாபகம் இல்லை. பெங்களூரிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்றார். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

தள்ளிவைத்த தேதி வரவேயில்லை. தீபாவளி சீசன் வந்தது.

சீசன் தொடங்கியதிலிருந்து மாமா விடிவதற்கு முன்பே கிளம்பிப் போனார். நான் எழுந்திருக்கும்போது சைக்கிள் இருக்காது. கேட்டதற்கு, அமெரிக்கக் கம்பெனி வேலை இப்போது கடைக்கே வருகிறது, நமக்கு விடிகாலை என்றால் அவர்களுக்குச் சாயங்காலம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். இன்டர்வியூவுக்கு வாங்கிய வழவழப்பான பேண்டை மடித்து வைத்துவிட்டு, சாயம் போன பருத்திச் சட்டையும் வேட்டியுமாகப் போனார். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்கும் விளக்கம் இருந்தது. நைலான் துணியில் மின்சாரம் ஊறும், அது பட்டால் சில்லு செத்துப்போகும், செல்போனும் ஆகாது. சனிக்கிழமைதோறும் சாத்தூர் சேவு வாங்கிவந்தார். மற்ற கடைகளில் மாதச் சம்பளம், அமெரிக்காக்காரன் வாரச் சம்பளம் கொடுக்கிறான் போல என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது ஒன்றும் பொய் இல்லை, அதுதான் கொடுமை. அமெரிக்காவில் அது சாயங்காலம்தான். சில்லுக்கு அந்த மின்சாரம் ஆகாதுதான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். விஸ்டாவுக்கு அடுத்த விண்டோஸ் வரப்போவதாகப் பேப்பரில் படம் போட்டிருந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். ஒரு திட்டு திட்டுவார், கேட்டுச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். “நல்லாத்தான் பாப்பா இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதையாவது நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெட்டியின் மேல் அம்மா துணி காயப்போட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் நானும் மாமாவும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி வேன் வந்து நின்றது. அம்மாவும், அவளோடு வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு அத்தையும் இறங்கி வந்தார்கள். அத்தை கண்ணுக்கு எதுவும் தப்பாது. மாமாவின் அருகில் வந்ததும் நின்றுவிட்டாள்.

“என்ன தம்பி, காதோரமெல்லாம் இப்பிடி மினுங்குது? பேன்சி வெடிக்கு மருந்து கலக்கவா போறீக?”

உண்மைதான், மாமாவின் காதுமடலில், கழுத்து மடிப்பில், நகக்கண்ணில் எல்லாம் வெள்ளி மினுக்கம் இருந்தது. மாமா கையால் காதைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அமெரிக்கக் கம்பெனி வேலை பார்க்கிற மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? நான் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். அது பிராசஸர் பேஸ்ட். இரண்டு கோர், நாலு திரி, ஒன்றாகப் பற்றினால் சூடு தாங்காது, அதனால் வெள்ளிப் பேஸ்ட் தடவி, மேலே காத்தாடி வைத்து என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். “ஒங்களுக்குக் கம்ப்யூட்டர பத்தி என்ன தெரியும் அத்த?” என்றும் கேட்டேன்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

“ஆமா மதினி, பேஸ்ட்டுதான்” என்றாள் அம்மா. “கம்ப்யூட்டருக்குப் போடுறது.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “பேஸ்ட்டா. சரி மதினி. சூதானமாப் போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இப்போது நான் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அந்தப் பேஸ்டை முதன்முதலில் என் கையால் தடவியபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு துவரம்பருப்பு அளவு போதும். ஆயுள் முழுக்கத் தடவினாலும் ஒரு மனிதனின் காதும் கழுத்தும் மினுங்காது. அன்றைக்கு மாமா ரிப்பேர் கடையை விட்டு அனுப்பப்பட்டு வெகு நாள் ஆகியிருந்தது. ஆனைக்குட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் அவர் அலுமினியப் பவுடர் சேர்த்து மருந்து கலந்துகொண்டிருந்தார். வெயில் ஏறினால் மருந்து கலக்கக்கூடாது, அதனால் விடிகாலை. பொறி பறக்கக்கூடாது, அதனால் பருத்தித் துணி. சனிக்கிழமை சம்பளம் எந்த ஊர்ச் சம்பளம் என்பது எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

அவர் சாகவில்லை. இன்றும் ஊரில்தான் இருக்கிறார், பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறது. புதுப் பிராசஸர் ஏதாவது வந்தால் நான் போன் பண்ணுவேன். இப்போதெல்லாம் பத்து கோர், இருபது திரி என்று வருகிறதே, என்ன நினைக்கிறீர்கள் மாமா என்று கேட்பேன். “அதெல்லாம் எனக்கு என்ன பாப்பா தெரியும், நீ படிச்ச பிள்ள” என்பார். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் யாரையாவது பிடித்து அடிக்கவேண்டும்போல இருக்கும். யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை. ஆட்குறைப்புச் செய்தி இப்போதும் வருகிறது, அதை நான்தான் படிக்கிறேன், அவருக்கு நான் சொல்வதில்லை.

அன்றைக்கு அத்தை போன பிறகு மாமா படியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா கத்தப்போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். ஏன் கத்துவாள் என்று தெரியாது, அவள் முகம் அப்படி இருந்தது. அவள் கத்தவில்லை. அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள். மாமாவைப் புறவாசலுக்குக் கூட்டிப்போய்க் கல்லின்மேல் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி அவர் கழுத்திலும் காதிலும் தேய்த்தாள். பிறகு சீயக்காய் போட்டு, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல ஒவ்வொரு விரலாகப் பிடித்துக் கழுவினாள். தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடியது. இத்தனைக்கும் அவள் வேலை முடிந்து வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

“அக்கா” என்றார் மாமா.

“பேசாத” என்றாள் அம்மா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் நகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்.

“போம்போதே எண்ணெயத் தேச்சிட்டுப் போலே. அப்பத்தான் ஒட்டாது. மூக்குல ஈரத் துணியக் கட்டிக்கிரு. ஒங்க அத்தான் அப்பிடித்தான் போவாக.”

அத்தான் என்றால் என் அப்பா. அப்பாவின் பெயரையோ பேச்சையோ அம்மா எடுத்து நான் கேட்டதில்லை, அதனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைவிட இன்னொன்று பெரிய ஆச்சரியமாக இருந்தது. பிராசஸர் பேஸ்ட் கையில் ஒட்டாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதுவரை அம்மா தெரிந்துவைத்திருக்கிறாள். அப்பாவும் அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டர் வேலை பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர்க்காரர்கள்தான் என்று எண்ணிக்கொண்டு நான் சந்தோஷமாகத் தூங்கிப்போனேன்.