பத்தில் எட்டு

எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. வலியசாலை முனையிலிருந்து கோயில் நடை வரை என் காலுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு அடி, மழைக்காலத்தில் பள்ளங்களைச் சுற்றிப் போவதால் முந்நூற்று முப்பதுக்கு மேல். புள்ளிவிவர இலாகாவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். தெரிந்து ஒரு எண்ணையும் மாற்றி எழுதியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். எழுபத்தாறாவது வயதில் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னேன்.

வாலிபத்தில் மாலை வகுப்பில் இரண்டு வருடம் ரஷ்ய மொழி படித்தேன். அது பிழைப்புக்கு உதவவில்லை. ஆனால் கோவளம் போகும் வழியில் உள்ள ஒரு ஆயுர்வேத வைத்தியசாலைக்கு ரஷ்யர்கள் வர ஆரம்பித்ததும் வைத்தியசாலைக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ரஷ்யத்திலிருந்து மலையாளத்துக்கு மொழிபெயர்க்கப் போய்வந்தேன். போன வருடம் அங்கே நாற்பத்துமூன்று வயதுப் பெண்மணி ஒருவர் இடது இடுப்பு வலிக்காக வந்தார். இருபத்தொரு நாள் சிகிச்சை. தொழில் என்ன என்று டாக்டர் கேட்டார். ஐஸ் டான்ஸ் என்றார்.

காலையில் வராந்தாவில் அவரை நடக்க வைப்பார்கள். வராந்தா நாற்பத்தெட்டு அடி, பத்து நடை. நான் கூடவே நடந்து எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு என்று அவரும் கற்றுக்கொண்டார். மூன்றாம் நாளே பத்து வரை தடுக்காமல் சொன்னார். நடக்கும்போது தன் கதையைச் சொல்வார். நாலு வயதில் அம்மா பனித்தளத்துக்கு அழைத்துப் போனார். ஒன்பது வயதில் பயிற்சியாளர் ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தி, தோள் உயரத்தையும் கால் நீளத்தையும் அளந்து பார்த்து, இனி இவன்தான் உன் ஜோடி என்றார். ஐஸ் டான்ஸில் தலைக்கு மேல் தூக்கி எறிவது கிடையாது, பெரிய தாவல்கள் கிடையாது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் சறுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும் என்று சிரித்தார்.

"வலிக்கிறது என்று சொல்ல முடியாது," என்றார். "தடுப்புக்கு வெளியே என் இடத்துக்கு இன்னொரு பெண் ஷூ கட்டிக்கொண்டு நின்றிருப்பாள். டாக்டர் என்னைத்தான் கேட்பார், பத்தில் எவ்வளவு என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பயிற்சியாளர் 'ரெண்டு' என்பார்."

பத்தொன்பது வயதில் அந்த இடுப்போடுதான் தேசியப் போட்டியில் ஆடியிருக்கிறார். மூன்று ஜோடிகளைத்தான் சர்வதேசப் போட்டிக்கு அனுப்புவார்கள். இவர்கள் நான்காவது. சில மாதங்களில் அந்தப் பையன் வேறு நாட்டுக்காக வேறு பெண்ணோடு ஆடப் போய்விட்டான். இவர் இன்னொருவனோடு ஐந்து வருடம் ஆடிவிட்டு, பிறகு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார்.

இதையெல்லாம் கேட்டவன்தான் நான். கேட்ட பிறகுதான் செய்தேன்.

எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆண்டு விழாவில் அவரைக் கௌரவித்து, தரையிலேயே இரண்டு நிமிடம் ஆடச் சொன்னால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அவர் சரி என்றார், டாக்டர் அனுமதித்தால். நான் டாக்டரைக் கேட்பதற்கு முன்பே நூற்றைம்பது நோட்டீஸ் அடித்துவிட்டேன். தெரு முனையில் பன்னிரண்டு அடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தாகிவிட்டது. அதில் அவர் படத்தைவிடச் சற்றே சிறியதாக என் படமும் இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, டாக்டர் பரிசோதித்தார்.

"வேதன பத்தில் எத்ரயாணு, சாமி?" என்று என்னிடம் கேட்டார், வலி பத்தில் எவ்வளவு என்று. "அஞ்சினு மேலானெங்கில் டான்ஸ் ஒண்ணும் வேண்டா. ரெஸ்ட்."

ஐந்தைத் தாண்டினால் ஆட்டம் கிடையாது. ரஷ்ய மொழியில் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, எட்டு என்றார்.

சிரித்த முகத்தோடு சொன்னார். எட்டு வலிக்கிற ஆள் இப்படிச் சிரிப்பாளா என்று நினைத்தேன். நூற்றிருபது நாற்காலி சொல்லியிருப்பதையும் நினைத்தேன். டாக்டரைப் பார்த்து, "நாலு" என்றேன்.

அந்தப் பெண்மணி என்னை ஒரு தடவை பார்த்தார். நாலு எது, எட்டு எது என்று அவருக்குத் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. பொன்னாடை போட்டோம். மைக்கில் அவரைப் பற்றி நான் பதினோரு நிமிடம் பேசினேன். ஆடும் நேரம் வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். தனியாக ஆடுகிற ஆட்டம் இல்லையே அது, ஜோடி வேண்டும் என்றார்.

"மாமா, வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கோங்கோ!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். பின்னால் பையன்கள், "சாமி பொளிச்சு!" என்று சபாஷ் போட்டு விசிலடித்தார்கள். என் மனைவி இரண்டாவது வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மொபைலில் வால்ட்ஸ் இசை. மூன்று மூன்றாக அடி. ராஸ், த்வா, த்ரி என்று ரஷ்ய மொழியில் அவர் என் காதோடு எண்ணிச் சொல்ல, நான் தப்பும் தவறுமாக வைத்தேன். பன்னிரண்டு தரம், முப்பத்தாறு அடி. முதல் ஒன்பது அடி அவர் கை என் கையில் பூ மாதிரி கிடந்தது. பத்தாவது அடியில் இடது காலை அழுத்தி ஊன்றினார். விரல்கள் என் உள்ளங்கையை அப்படியே நெரித்தன. அவர் முகத்தில் அதே சிரிப்பு. சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கைதட்டிக்கொண்டிருந்தார்கள், நான் நிறுத்தவில்லை. மீதி இருபத்தாறு அடியையும் எண்ணி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. திங்களன்று டாக்டர் கட்டிலருகே வந்து என்னிடம் கேள்வியை ஆரம்பித்தார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அந்தப் பெண்மணி டாக்டரைப் பார்த்து, "எட்டு" என்றார். தமிழிலும் மலையாளத்திலும் அந்த எண்ணுக்கு ஒரே சொல்தான். எனக்கு வேலையே இல்லை.

"எட்டோ? வெள்ளியாழ்ச்ச நாலென்னல்லே சாமி பறஞ்ஞது?"

"அதுக்கப்புறம் கூடியிருக்கும்," என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண்மணி ரஷ்ய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "கோபம் இல்லை. என் எண்ணை எப்போதும் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார். பழகிவிட்டது." வெளியே வராந்தாவில் நாற்பத்தெட்டு அடியையும் எண்ணாமல் நடந்து வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சாதத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏன்னா, தெருவிலே எத்தனை குப்பைத்தொட்டின்னு எண்ணிண்டு வருவேளே. அந்தப் பொம்மனாட்டி வாயால சொன்ன ஒரே ஒரு எட்டு உங்களுக்குப் பெரிசாப் படலையா?"

"நூத்தி இருபது நாற்காலி சொல்லியிருந்தேன்…"

"நாற்காலிக்கா இடுப்பு வலிக்கறது?"

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய் டாக்டர் அறை வாசலில் நின்றேன். அன்றைக்கும் எட்டுதான், நான்தான் நாலு என்று மாற்றினேன் என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அறியாம் சாமி. இன்னலே ராத்ரி அவர் பறஞ்ஞு." தெரியுமாம், நேற்று ராத்திரியே அவர் சொல்லிவிட்டாராம். மேஜைமேல் இருந்த மொபைலைக் காட்டினார். அந்தப் பெண்மணி ரஷ்ய மொழியில் பேசினால் அது மலையாளத்தில் சொல்லிவிடுகிறதாம். "இனி சாமி புத்திமுட்டி வரண்டா."

மரியாதையாகத்தான் சொன்னார். இனி சிரமப்பட்டு வர வேண்டாம். நான் தலையாட்டினேன். கிளம்பும்போது டாக்டர் கேட்டார், ஆடும்போது வலித்த மாதிரித் தெரிந்ததா என்று.

எந்த அடியில் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் இடது கையை மூடினால் அந்த விரல்கள் தெரிகின்றன. "கவனிக்கலை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். எத்தனை படி என்று அங்கே மட்டும் எனக்குத் தெரியாது.