மூக்கையா அண்ணனின் மாத்தாள்

அடுத்தவர் வியர்வையில் பிழைப்பது எங்கள் தொழில். அதை வரவழைப்பதற்குள் நமக்குத்தான் வியர்த்துவிடுகிறது. ஜிம் வைத்துச் சீரழியும் சக மாஸ்டர்களே, கொடைக்கானல் குளிரில் நான் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

நுரையீரல்

பள்ளங்கி கிராமத்தில் பூண்டு பயிர் போட்டுக்கொண்டிருந்த மூக்கையா அண்ணன், நிலத்தைக் காட்டேஜ்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. இதயத்தில் அடைப்பு தொடங்கியிருக்கிறது, தினமும் நடந்தால் மாத்திரையோடு போகும், இல்லையென்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லி என்னிடம் அனுப்பினார். அடுத்த தெருவிலிருந்து அண்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

டிரெட்மில்லில் ஏற்றினேன். இரண்டு நிமிஷத்தில் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. "பழகப் பழக இந்த இளைப்பு கொறையும்ணே, நுரையீரலுக்குத் தெம்பு வரும்" என்றேன். இறங்கி நின்று மெஷினை ஒரு முறை முறைத்தார்.

"நடந்தா எங்கிட்டாச்சும் போய்ச் சேரணும்ல மாஸ்டர்? இது என்ன, நின்ன எடத்துலயே கெடக்கு!"

தசை

மறுநாள் லேசான டம்பெல் கொடுத்தேன். காலம் பூராவும் பூண்டு மூட்டை தூக்கிய தோளாம். இதெல்லாம் கிலுகிலுப்பை என்று சிரித்தார். விடிந்ததும் கையைத் தூக்க முடியவில்லை. "புதுசா வேலை வாங்குனா தசை வலிக்கத்தான் செய்யும். ஆறி வரும்போது முன்னைவிடப் பலமாயிரும்ணே" என்று போனில் தேற்றினேன். அடுத்த நாள் அவருக்குப் பதில் ஜீப் டிரைவர் முருகேசன் வந்து நின்றார். தோட்ட வேலைக்கு வர முடியாதவர் தன் பதிலுக்கு ஓர் ஆளை அனுப்புவது எங்கள் மலை வழக்கம். அதற்காக இதற்குமா?

"அண்ணனுக்கு மேலு வலிங்க. வேலை நின்னுறக் கூடாதுன்னு மாத்தாளா என்னைய அனுப்பினாரு."

கால்கள்

அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஏரியைச் சுற்றியாவது நடந்து தொலையுங்கள் என்றேன். நாளைக்கு வெள்ளனே வந்து பாருங்கள் என்று சவால் விட்டார். போய்ப் பார்த்தேன். முருகேசன் அந்தக் குளிரிலும் வேர்க்க வேர்க்க நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே ஜீப்பை ஊர விட்டுக்கொண்டு, மப்ளர் சுற்றிய தலையை வெளியே நீட்டி, களையெடுப்பவர்களை விரட்டுகிற அதே குரலில் மூக்கையா அண்ணன்:

"ஏலே, வெரசா நட! டாக்டர் முழுசா ஒரு சுத்து சொல்லியிருக்காரு!"

இதயம்

சில மாதங்களில் பலன் தெரிந்தது. முருகேசனின் தொப்பை கரைந்தது. சும்மா இருக்கும்போது அவர் நாடி நிதானமாக அடித்தது. தினம் உழைத்த இதயம் ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும், அதற்கு அவசரம் இருக்காது. அண்ணனின் இதயமோ ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தது. நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். பச்சை அங்கியில் ஒடுங்கிக் கிடந்தவரைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது, பாவமாக இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற முருகேசனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மாத்தாள் அனுப்ப முடியாதுல்ல மாஸ்டர்?"

உடற்பயிற்சி எல்லா உறுப்புக்கும் நல்லதுதான், என்ன, செய்கிறவருடைய உறுப்புக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது.